கொலுசு தெளிவாகத் தெரிய எதை முதலில் மாற்றுவது? கணினி ஹாலோகிராமின் படத்தரம்: ஓர் ஒப்பீடு

கணினி ஹாலோகிராம் என்பது, லேசர் பட்டால் ஒரு படத்தை உருவாக்கும்படி கணினி கணித்துத் தரும் ஒளிக்கோலம். அது தரப்போகும் படத்தை உருவகமாகக் கணினித் திரையில் பார்த்தால் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு மாதிரி கண்ணி கண்ணியாக இருக்கிறது. அதே ஹாலோகிராமை எஸ்எல்எம்மில் (ஒளியைப் பிக்சல் பிக்சலாக மாற்றும் சிறு திரை) ஏற்றி லேசரை அடித்தால் கேமராவில் வருவதோ சேகோ ஆலைக் களத்தில் காயப்போட்ட ஜவ்வரிசி. கோடு கோடாக இல்லை, மணி மணியாக உடைந்து கிடக்கிறது. நடுவில் ஒரே ஒரு பொட்டு மட்டும் கண்ணைக் குத்துகிறது. அந்த மணிகளுக்குப் பெயர் ஸ்பெக்கிள். அந்தப் பொட்டு, பண்பேற்றம் ஆகாமல், அதாவது எஸ்எல்எம்மால் மாற்றப்படாமல், நேராகத் திரும்பி வந்த ஒளி.

இதைச் சரிசெய்ய ஐந்து வழிகள் பேசப்படுகின்றன. கணக்கீட்டு முறையை மாற்றலாம். பல ஹாலோகிராம்களை வேகமாக மாற்றிக் காட்டிச் சராசரி எடுக்கலாம். லேசருக்குப் பதில் எல்இடி வைக்கலாம். இரட்டை ஃபேஸ் முறைக்குப் போகலாம் (ஃபேஸ் என்றால் ஒளி அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது). கேமராவையே கணக்குக்குள் இழுத்துவிடலாம். ஒவ்வொன்றும் வேறு வேறு நோய்க்கு மருந்து. நோய் எதுவென்று தெரியாமல் வாங்கினால் லட்சக்கணக்கில் செலவழித்தும் ஜவ்வரிசி ஜவ்வரிசியாகவே இருக்கும்.

ஒப்பீட்டுக்கு ஒரே மேசையை வைத்துக்கொள்வோம். ஃபேஸை மட்டும் மாற்றும் எல்காஸ் (சிலிக்கான் மேல் திரவப் படிகம்) எஸ்எல்எம், 1920×1080 பிக்சல், பிக்சல் இடைவெளி 8 மைக்ரான். 532 நானோமீட்டர் பச்சை லேசர். 300 மில்லிமீட்டர் குவியத்தூர லென்ஸ். இந்த அமைப்பில் லென்ஸின் குவியத்தளத்தில் படம் வைக்கக் கிடைக்கும் மொத்தச் சாளரம் அலைநீளம் பெருக்கல் குவியத்தூரம் வகுத்தல் பிக்சல் இடைவெளி, அதாவது சுமார் 20 மி.மீ. சதுரம். ஒரு புள்ளியின் அளவு கிடைமட்டத்தில் 10.4 மைக்ரான், செங்குத்தில் 18.5 மைக்ரான். படத்தை நடுவில் வைக்காமல் ஒரு கால்பகுதிக்குள் 7 மி.மீ. சதுரமாக ஒதுக்கினால் அதில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் புள்ளிகள் அடங்கும். 3.45 மைக்ரான் பிக்சல் உள்ள தொழிற்சாலைக் கேமரா இதைப் பார்க்கப் போதும். சோதனைக்கு இரண்டு படங்கள்: கருப்புப் பின்னணியில் கொலுசின் கோட்டுச் சித்திரம் ஒன்று, பனி மூடிய ஏற்காடு ஏரியின் புகைப்படம் ஒன்று. முதலாவதில் பெரும்பகுதி இருட்டு. இரண்டாவது முழுக்கச் சாம்பல் சாயல். இந்த இரண்டுக்கும் ஒரே வழி பொருந்தாது.

முதலில் நோயைக் கண்டுபிடிப்பது

படம் விழும் வெள்ளைத் தாளை விரலால் மெதுவாக ஆட்டுங்கள். மணிகள் நகர்ந்து கலங்கினால் அது தாளின் சொரசொரப்பு உண்டாக்கும் ஸ்பெக்கிள். ஹாலோகிராமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாள் ஆடும்போதும் மணிகள் இருந்த இடத்திலேயே நின்றால் குற்றம் ஹாலோகிராமில் இருக்கிறது. இதை உறுதிப்படுத்த, கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு சென்சாரை நேராகக் குவியத்தளத்தில் வையுங்கள். தாள் இல்லை, லென்ஸ் இல்லை, சாக்குச் சொல்ல எதுவும் இல்லை. லேசரை முதலில் வடிகட்டிகளால் குறைத்துக்கொள்ளுங்கள். நடுப்பொட்டு சென்சாரின் மேல் விழவே கூடாது.

அடுத்து, படத்தில் சீரான சாம்பல் பகுதி ஒன்றை எடுத்து அதன் திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுங்கள். இந்த விகிதத்துக்குப் பெயர் மாறுபாடு. முழுமையாக வளர்ந்த ஸ்பெக்கிளுக்கு அது 1. அதே எண்ணைக் கணினி உருவகத்திலும் எடுங்கள். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஹாலோகிராமின் பிக்சல் எண்ணிக்கைக்குச் சமமான கட்டத்தில் எஃப்எஃப்டி (ஹாலோகிராமிலிருந்து படத்தைக் கணிக்கும் வேக ஃபூரியர் உருமாற்றம்) போட்டால், அது மாதிரிப் புள்ளிகளில் மட்டும் ஒளியைக் காட்டும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் அலைகள் மோதி அணைவது அதில் தெரியாது. கேமராவுக்கு அது தெரியும். எஸ்எல்எம் தளத்தைச் சுற்றிலும் பூஜ்யம் நிரப்பி 3840×2160 ஆக்கி, பிறகு உருமாற்றி அளந்தால்தான் உண்மை எண் வரும். திரையில் கொலுசு அழகாகத் தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்த ஒரு தவறுதான்.

இரண்டு மடங்குக் கட்டத்திலும் உருவகப் படம் மோசமாக இருந்தால் கணக்கீட்டை மாற்றுங்கள். உருவகம் நன்றாக இருந்து கேமரா மட்டும் மோசமாகக் காட்டினால் கணக்கீட்டைத் தொடவே வேண்டாம். கருவியைப் பாருங்கள்.

காசு கேட்காத திருத்தங்கள்

எந்த வழிக்குப் போவதானாலும் இவை முடிந்திருக்க வேண்டும். எங்கள் கணிப்பில் பாதி மேசைகளின் குறை இங்கேயே தீர்ந்துவிடும்.

எஸ்எல்எம்மின் சாம்பல் அளவு 0 முதல் 255 வரை போகும்போது ஃபேஸ் முழுச் சுற்றான 360 டிகிரி நகர வேண்டும். 324 டிகிரியோடு நின்றுவிட்டால் ஒளியில் 1.2 சதவீதம் நடுப்பொட்டுக்குப் போய்விடும். கேட்க அற்பம்தான். ஆனால் படத்தின் ஒளி இரண்டரை லட்சம் புள்ளிகளுக்குப் பங்காகிறது, இந்த 1.2 சதவீதமோ ஒரே புள்ளியில் குவிகிறது. படத்தின் சராசரிப் புள்ளியைவிட சுமார் 3000 மடங்கு பிரகாசம். போலரைசர் (ஒளியின் அதிர்வுத் திசையைத் தேர்ந்து விடும் வடிகட்டி) 10 டிகிரி சாய்ந்திருந்தால் இன்னும் 3 சதவீதம் அதே இடத்தில் சேரும்.

அளப்பது எளிது. இரண்டு துளையுள்ள அட்டையை எஸ்எல்எம் முன் வைத்து, திரையின் இடப்பாதியை 0 சாம்பலிலும் வலப்பாதியை 0, 8, 16 என 255 வரையிலும் ஏற்றிப்போங்கள். கேமராவில் விழும் குறுக்கீட்டு வரிகள் பக்கவாட்டில் நகரும். ஒரு வரி அடுத்த வரியின் இடத்துக்கு வந்தால் 360 டிகிரி. அந்த நகர்வை வைத்து அட்டவணை போட்டு எஸ்எல்எம்மில் ஏற்றிவிடலாம். வெப்பம் ஏறினால் திரவப் படிகத்தின் இரட்டை ஒளிவிலகல் குறையும், ஃபேஸ் நகரும் அளவும் சுருங்கும். ஜனவரியில் எடுத்த அட்டவணை, வெயில் 40 டிகிரியைத் தொடும் சேலத்துச் சித்திரைக்குப் பொருந்தாது. ஏசி அறையாக இருந்தாலும் எஸ்எல்எம்மை 20 நிமிடம் சூடேறவிட்டு அளப்பது நல்லது. அளக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். சித்திரை மாதத்தில் இதைச் சொல்வது கொடுமைதான், ஆனால் காற்று அசைந்தால் வரிகள் நடுங்கும்.

மிச்சப் பொட்டை விரட்ட, ஹாலோகிராமோடு 2 மீட்டர் குவியத்தூர லென்ஸின் ஃபேஸைக் கூட்டிவிடுங்கள். எஸ்எல்எம் லென்ஸை ஒட்டி இருந்தால் படம் 300 மி.மீ.க்குப் பதில் சுமார் 261 மி.மீ.யில் குவியும். பண்பேற்றம் ஆகாத ஒளி பழைய இடத்திலேயே குவியும், படத்தளத்தில் அது 2 மி.மீ. × 1.1 மி.மீ. மங்கல் திட்டாக விரிந்துவிடும். படம் அதற்கு அப்பால் ஒதுங்கியிருந்தால் தொல்லை தீர்ந்தது. சாளரமும் 17.4 மி.மீ. ஆகச் சுருங்கும் என்பதை அளவுக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓரம் மங்குவதும் நோயல்ல, பிக்சலின் வடிவம் தரும் உறை. சாளரத்தின் விளிம்பில் ஒளி நடுவில் இருப்பதில் 40 சதவீதத்தை ஒட்டி இறங்கும், மூலையில் 16 சதவீதத்தை ஒட்டி. இலக்குப் படத்தை அந்த விகிதத்துக்கு எதிராக முன்கூட்டியே பெருக்கிவிட்டால் சரியாகிவிடும்.

இன்னொன்று. புகைப்படத்தின் பிக்சல் மதிப்பு ஒளிச்செறிவு அல்ல, அது காமா வளைவுக்கு உட்பட்டது. சுமார் 2.2 அடுக்குக்கு உயர்த்தினால் செறிவு, அதன் வர்க்கமூலம் வீச்சு (அலையின் உயரம்). ஆக மொத்தம் அடுக்கு 1.1. பிக்சல் மதிப்பை அப்படியே வீச்சாக எடுப்பவர் தற்செயலாக ஏறக்குறைய சரியாகச் செய்கிறார். ‘சரியாக’ வர்க்கமூலம் எடுப்பவரின் ஏரிதான் வெளிறிப்போகிறது.

கணக்கீட்டை மாற்றுவது

1972-ல் வந்த கெர்ச்பெர்க்–சாக்ஸ்டன் முறைதான் இன்னமும் எல்லோரும் தொடங்குமிடம். இலக்குப் படத்துக்கு ஒரு ஃபேஸ் கொடுத்து எஸ்எல்எம் தளத்துக்கு உருமாற்று. அங்கே வீச்சை எறிந்துவிட்டு ஃபேஸை மட்டும் வை. திரும்பப் படத்தளத்துக்கு வா, வீச்சை இலக்கால் மாற்று, ஃபேஸை வை. மறுபடியும் முதலிலிருந்து. பிழை எந்தச் சுற்றிலும் அதிகரிக்காது. ஆனால் சில பத்துச் சுற்றுகளில் தேங்கிவிடும். 500 சுற்று ஓட்டுவது மின்சாரக் கட்டணத்துக்குத்தான் நல்லது.

தேங்கக் காரணம், சமவாய்ப்பு ஃபேஸில் (புள்ளிக்குப் புள்ளி தாறுமாறான ஃபேஸ்) தொடங்கும்போது படத்தில் உண்டாகும் சுழிகள். ஃபேஸ் ஒரு புள்ளியைச் சுற்றி முழுச் சுற்று சுற்றினால் அந்தப் புள்ளியில் ஒளி பூஜ்யம் ஆகியே தீரும். அடுத்தடுத்த சுற்றுகளால் அந்தச் சுழியைப் பிடுங்க முடிவதில்லை. கொலுசுச் சங்கிலியில் கண்ணி அறுந்தது போல் தெரியும் இடமெல்லாம் அநேகமாக இதுவே.

இதற்கு மாற்று, வர்க்க ஃபேஸில் தொடங்குவது. படம் கிடைமட்டத்தில் எத்தனை புள்ளியோ அதை எண் என்று வைத்தால், நடுவிலிருந்து புள்ளிக் கணக்கில் உள்ள தூரத்தின் வர்க்கத்தை 180 டிகிரியால் பெருக்கி அந்த எண்ணால் வகுங்கள். செங்குத்துக்கும் இப்படியே கணக்கிட்டு இரண்டையும் கூட்டுங்கள். அப்போது ஒளி எஸ்எல்எம் முழுக்கப் பரவும், சுழியும் தொடக்கத்தில் இருக்காது. ஏரிப் படத்தின் பனிப்பகுதி உடனே வழவழப்பாகும்.

ஆனால் ஒரு விலை உண்டு. சமவாய்ப்பு ஃபேஸில் எஸ்எல்எம்மின் ஒவ்வொரு துண்டிலும் முழுப் படமும் கலந்திருக்கும். அதனால் கண்ணாடியில் தூசி விழுந்தாலும் படத்துக்குத் தெரியாது. வர்க்க ஃபேஸில் படத்தின் ஒவ்வொரு பகுதியும் எஸ்எல்எம்மின் ஒரு குறிப்பிட்ட பகுதியிலிருந்து வருகிறது. ஒரு தூசி விழுந்தால் ஏரியின் நடுவில் வட்ட வட்டமாக வளையம் தெரியும். சேலத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை. வர்க்க ஃபேஸுக்குப் போவதென்றால் மேசைக்கு மூடி அவசியம். துடைக்காமல் ஊதுபந்தால் ஊதுவதும் அவசியம்.

படத்தைக் கால்பகுதிக்குள் ஒதுக்கியிருப்பதால் இன்னொரு வசதியும் இருக்கிறது. மீதி முக்கால் பகுதியில் எந்தக் கட்டுப்பாடும் விதிக்காமல், இரைச்சலை அங்கே கொட்டிக்கொள்ள முறைக்கு அனுமதி கொடுங்கள். அணுக்களைப் பிடிக்கும் ஒளிப்பொறிகளுக்காக 2008-ல் விரிவாக எழுதப்பட்ட இந்த உத்தி, வெளிச்சத்தில் கணிசமான பங்கைக் குப்பைக்கு அனுப்பிவிட்டுப் படத்தைச் சுத்தமாக்கும். லேசரில் வெளிச்சம் மிச்சமிருந்தால் கூசாமல் கொடுத்துவிடலாம். கொலுசுக்கு இந்த இழப்பு உறைக்காது, இருட்டு அதிகமான படத்தில் வெளிச்சம் சில புள்ளிகளிலேயே குவிகிறது. ஏரிக்கு உறைக்கும்.

பைடார்ச் (பைத்தான் கணிப்பு நூலகம்) தெரிந்தவர்கள் கெர்ச்பெர்க்கை விட்டுவிட்டு, பிழை குறையும் திசையில் சிறிது சிறிதாக நகரும் ஆடம் போன்ற சரிவிறக்க முறைக்குப் போகலாம். ஒவ்வொரு பிக்சலின் ஃபேஸும் ஒரு மாறி, இரண்டு மடங்குக் கட்டத்தில் கணித்த படத்துக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசம் பிழை. படத்தின் மொத்தப் பிரகாசத்துக்கு ஒரு தனி அளவுக் காரணியைச் சுதந்திரமாக விடாவிட்டால், முறை வடிவத்தை விட்டு வெளிச்சத்தோடு மல்லுக்கட்டும். விளையாட்டுக் கணினியில் உள்ள கிராஃபிக்ஸ் கார்டே போதும். எஸ்எல்எம் கையில் இருப்பவருக்குச் செலவில்லாத வழிகளில் இதுவே முதலிடம்.

வேகமாக மாற்றிச் சராசரி எடுப்பது

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஃபேஸ்களில் தொடங்கிய ஹாலோகிராம்களை அடுத்தடுத்துக் காட்டினால், மணிகள் ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் விழும். கண் சேர்த்துப் பார்க்கும். மாறுபாடு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும்: 4 சட்டகத்துக்குப் பாதி, 16-க்குக் கால், 64-க்கு எட்டில் ஒன்று. 5 சதவீதத்துக்கு இறக்க 400 வேண்டும். வர்க்கமூலம் கஞ்சன், முதலில் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கையை இறுக்கிவிடும்.

எல்காஸின் 60 ஹெர்ட்ஸில் 16 சட்டகம் என்றால் கால் விநாடிக்கு மேல். கேமராவுக்குப் போதும், நகரும் படத்துக்கு ஆகாது. அதோடு ஃபேஸ் முழுதாகத் திரும்பி நிலைபெறுவதற்குள் அடுத்த சட்டகம் வந்துவிட்டால், அரைகுறை ஹாலோகிராம் ஒன்று நடுவில் புகுந்து இரைச்சலைக் கூட்டும்.

இங்கே போட்டிக்கு வருவது டிஎம்டி, அதாவது சாயும் நுண்கண்ணாடிகள் நிறைந்த சில்லு. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்பி 4500 சில்லு, 912×1140 கண்ணாடிகள், இருநிலைப் படங்களை விநாடிக்கு 4225 வரை மாற்றும். ஒரு விநாடியின் அறுபதில் ஒரு பங்குக்குள் 70 சட்டகம், மாறுபாடு 12 சதவீதம். அதன் மேம்பாட்டுப் பலகை எல்காஸைவிட மலிவும்கூட. ஆனால் கண்ணாடி திறந்திருக்கும் அல்லது மூடியிருக்கும், ஃபேஸ் கிடையாது. இருநிலை வீச்சு ஹாலோகிராமில் படத்துக்குப் போகும் ஒளி கொள்கையளவில் 10 சதவீதம். மையத்துக்கு எதிர்ப்புறம் அதே படத்தின் இரட்டையும் வரும், சாளரத்தில் பாதி போச்சு. 12 டிகிரி சாயும் கண்ணாடிகள் லேசருக்கு ஒரு படிக்கட்டு மாதிரி. அலைநீளமும் விழும் கோணமும் பொருந்தாவிட்டால் ஒளி நாலைந்து திசைக்குச் சிதறும். வாங்குவதற்கு முன் உங்கள் லேசர் நிறத்துக்கு அந்தக் கோணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஃபெரோஎலக்ட்ரிக் எஸ்எல்எம் இதற்கும் எல்காஸுக்கும் நடுவில்: வேகம் உண்டு, 0 அல்லது 180 டிகிரி என இருநிலை ஃபேஸும் உண்டு, ஒளித்திறன் ஒரு பக்கத்துக்கு 40 சதவீதம். திரவப் படிகம் கெடாமலிருக்க ஒவ்வொரு படத்தின் எதிர்மறையையும் காட்டியாக வேண்டும். நல்லவேளையாக எதிர்மறை ஹாலோகிராமும் அதே படத்தையே தரும்.

எல்இடி வைப்பது

ஸ்பெக்கிள் லேசரால் வருகிறது, எல்இடி வைத்தால் போய்விடும் என்று சொல்வார்கள். போகும். கூடவே படமும் போகும். ஃபூரியர் ஹாலோகிராமில் (நம் மேசையைப் போல லென்ஸின் குவியத்தளத்தில் படம் தருவது) புள்ளியின் இடம் அலைநீளத்துக்கு ஏற்ப நகரும். பச்சை எல்இடியின் அகலம் 25 நானோமீட்டர் என்றால், மையத்திலிருந்து 8 மி.மீ. தள்ளியுள்ள புள்ளி 0.38 மி.மீ. நீளத்துக்கு இழுபடும், அதாவது 36 புள்ளி அகலம். 3 நானோமீட்டர் வடிகட்டி போட்டாலும் 45 மைக்ரான். மூலத்தின் அளவும் சேரும்: 200 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 50 மைக்ரான் பின்ஹோல் வைத்தால் படத்தில் 75 மைக்ரான் மங்கல். 1 மி.மீ. சதுர எல்இடியின் ஒளியில் அந்தத் துளை விடுவது 0.2 சதவீதம்தான். எஸ்எல்எம்முக்கு அருகிலேயே, அச்சை ஒட்டிக் குவியும் ஃப்ரெனல் படத்துக்கு எல்இடி பரவாயில்லை. நம் மேசைக்கு வேண்டாம்.

தாளை ஆட்டியபோது மணிகள் கலங்கியவர்களுக்கு எல்இடியும் தேவையில்லை. திரையாக ஒரு சுழலும் அல்லது அதிரும் தேய்கண்ணாடி போதும்.

இரட்டை ஃபேஸ்

1978-ல் சூவும் சாச்சுக்கும் முன்வைத்த வழி இது: எந்தச் சிக்கலெண் மதிப்பையும் (வீச்சும் ஃபேஸும் சேர்ந்த எண்) ஒரே வீச்சுள்ள இரண்டு ஃபேஸ்களின் சராசரியாக எழுதலாம். அந்த இரண்டையும் சதுரங்கப் பலகை போல மாறி மாறிப் பிக்சல்களில் வைத்து, 4எஃப் அமைப்பின் (இரண்டு லென்ஸ் வழியே படத்தை மறுபடி உருவாக்குவது) நடுவில் ஐரிஸால் (துளையுள்ள தடுப்பு) வடிகட்டினால் வீச்சும் ஃபேஸும் சேர்ந்து வெளிவரும். சுற்றுகளே இல்லை, ஒரே கணக்கு. எஸ்எல்எம் தளத்துக்குப் பக்கத்தில் குவியும் வழவழப்பான படங்களுக்கு இதை மிஞ்ச எளிய முறை இல்லை. ஆனால் சதுரங்க அமைப்பில் ஒவ்வொரு பிக்சலும் பக்கத்துப் பிக்சலிலிருந்து கடுமையாக வேறுபடும். திரவப் படிகத்தில் மின்புலம் எல்லை தாண்டிக் கசிவதால் அந்த வேறுபாடு மழுங்கி, படத்தின் மெலிதான கோடுகள் கரையும். கூடுதலாக இரண்டு லென்ஸ், ஓர் ஐரிஸ், அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுமை. வர்க்க ஃபேஸுக்குச் சொன்ன தூசித் தொல்லை இதற்கும் உண்டு. ஏரிக்குச் சரி, கொலுசுக்கு வேண்டாம்.

கேமராவைக் கணக்குக்குள் கொண்டுவருவது

லென்ஸின் பிறழ்ச்சி, எஸ்எல்எம்மின் வளைவு, லேசர் கற்றையின் சீரின்மை எல்லாவற்றையும் தனித்தனியே அளப்பதற்குப் பதில், கேமரா பார்த்த படத்தையே பிழையாக எடுத்துக்கொள்வது. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு குழு காட்டியது இதன் முழுவடிவம்: ஒவ்வொரு சுற்றிலும் படம்பிடித்து, அந்த வித்தியாசத்தைக் கணித மாதிரி வழியாக ஃபேஸுக்குத் திருப்பி அனுப்புவது. விநாடிக்கு 5 படம் பிடித்தால் 500 சுற்றுக்கு 100 விநாடி.

இதற்குக் கேமரா நேர்கோட்டில் இயங்க வேண்டும். காமா, தானியங்கி ஒளியளவு, கூர்மையாக்கல் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், எந்தப் பிக்சலும் நிரம்பி வழியக்கூடாது. புள்ளிக் கட்டம் ஒன்றைக் காட்டி, கேமராவின் ஆயத்தொலைவுகளுக்கும் இலக்கின் ஆயத்தொலைவுகளுக்கும் பொருத்தம் எடுக்க வேண்டும். இந்தப் பொருத்தம் ஒரு புள்ளி அளவு தவறினாலும், முறை இல்லாத பிழையைத் திருத்தப் போய் இருப்பதையும் கெடுக்கும். நடுவில் மின்சாரம் போய் வந்தால் லேசர் சூடேறி நிலைபெறும் வரை காத்திருந்து, பொருத்தத்தை மறுபடி எடுங்கள்.

அவ்வளவு தூரம் போக விரும்பாதவர்களுக்கு ஓர் ஏழையின் வழி உண்டு. படம்பிடித்து, நன்றாக மழுப்பி, வேண்டியதைக் கிடைத்ததால் வகுத்து, அந்த விகிதத்தை 0.4 போன்ற சிறிய அடுக்குக்கு உயர்த்தி இலக்கைப் பெருக்குங்கள். கெர்ச்பெர்க்கை மறுபடி ஓட்டுங்கள். ஐந்தாறு சுற்றில் பெரிய திட்டுகளும் சாய்வுகளும் மறையும். மணிகள் மறையாது, மழுப்பும்போதே அவை காணாமல் போய்விட்டன அல்லவா.

யாருக்கு எது

நகைக்கடைக் காட்சிப்பெட்டியில் கொலுசுச் சித்திரம்: எல்காஸ், ஃபேஸ் அட்டவணை, சமவாய்ப்பு ஃபேஸில் இரைச்சல் ஒதுக்கலோடு கணித்த 8 அல்லது 16 ஹாலோகிராம்கள், சுழற்சியாக. தூசி தாங்கும், படம் அசையாததால் 60 ஹெர்ட்ஸ் போதும். ஏரிப் புகைப்படம்: வர்க்க ஃபேஸில் தொடங்கிய சரிவிறக்கம், அதன்மேல் கேமராத் திருத்தம், மூடிய பெட்டி. அசையும் படம் வேண்டும், பணம் குறைவு, இருட்டறை உண்டு என்றால் டிஎம்டி. கையில் பழைய எல்சிடி புரொஜெக்டர் பேனல் மட்டும் உள்ள மாணவர்கள் அதில் 180 டிகிரி கிடைக்கிறதா என்று அளந்து, கிடைத்தால் இருநிலை ஃபேஸாக ஓட்டலாம். 360-க்கு ஆசைப்பட்டு அரைகுறை ஃபேஸில் ஓட்டினால் நடுப்பொட்டுதான் வளரும்.

கோடை விழாவுக்கு ஏற்காட்டுக்குக் கொண்டுபோவதென்றால் வர்க்க ஃபேஸையும் கேமராப் பொருத்தத்தையும் நம்ப வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்தத் திருகும் வைத்த இடத்தில் நிற்காது. சமவாய்ப்பு ஃபேஸ் ஹாலோகிராம்களைச் சேலத்திலேயே கணித்து எடுத்துப்போய், மேலே சேர்ந்ததும் ஃபேஸ் அட்டவணையை மட்டும் புதிதாக எடுங்கள். கீழைவிட அங்கே குளிர் என்பதால் முழுச் சுற்று 255-க்கு முன்பே முடிந்துவிடும். இறங்கும்போது கருவிகளைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பையில் கட்டுங்கள். மலையில் குளிர்ந்த கண்ணாடியைச் சேலத்துக் காற்றில் உடனே பிரித்தால் அதன்மேல் நீர் படியும். பை அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரிக்கலாம், இரண்டு மூன்று மணி நேரமாவது விட்டுவிடுங்கள்.